‘பார்க்கிறேன்’ என்று சொன்ன மனிதர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெருமையாகச் சொல்லவில்லை. என் கணவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பதால் இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. யாரைப் பார்த்தாலும் கேள்வி கேட்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரிடம், காய்கறிக் கடைக்காரரிடம், பல் பிடுங்க வந்த டாக்டரிடம்கூட. அவர் என் வாய்க்குள் கருவியை வைத்திருந்தபோதும் கேட்டேன் என்பது வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற கதை.

அறுபதுகளின் கடைசியில் மொன்றியலுக்கு வந்தபோது இந்த வியாதிக்குத் தீனி கிடைக்கவில்லை. என் கணவர் டாக்டர். பயிற்சிக் காலம் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தார் என்று சொல்லலாம். கீழே ‘தெப்பனேர்’ என்கிற பெட்டிக்கடைக்காரரிடம் பால் வாங்கும்போது ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும் சொல்வேன். அதற்கு மேல் அவரிடம் கேட்பதற்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை. தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கும் முன்னால் வேலை தேடினேன். வேதியியல் எம்.எஸ்சி. கைகொடுத்தது. டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தின் சுரங்கத் துறையில், கல்லை அரைத்து அமிலத்தில் கரைத்து அதில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, காலில் பனிக்கால பூட்ஸ். மெட்ரோவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஏதோ கேட்க நினைத்திருப்பார்கள். ஒருவரும் கேட்டதில்லை. அந்த விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் ரொம்பச் சாது.

அந்தச் சோதனைக்கூடத்துக்குத்தான் அவர் வந்தார். ஆப்பிரிக்காவில் ஒரு நாடு, செம்புக்குப் பெயர் போனது. பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். முப்பது வயதைத் தாண்டியவர், டாக்டர் பட்டத்துக்குப் படிக்க அரசாங்கச் செலவில் வந்தவர். துறைமுகத்தில் வந்திறங்கிய கல் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் தானே தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். முதல் மூட்டையைப் பிரித்ததுமே நான் ஆரம்பித்துவிட்டேன்.

“இந்தக் கல்லு எங்கேர்ந்து வருது?”

“எங்க அப்பா வீட்டுக்குப் பின்னாடியிருந்து,” என்றார் அவர். நிஜமாகவே அப்படித்தான். அவருடைய அப்பா அந்தச் சுரங்கத்தில் காலமெல்லாம் உழைத்தவர். ஆட்களை ஆழத்துக்கு இறக்கி ஏற்றும் பெரிய லிஃப்ட்டின் நெம்புகோலைத் தொட அவருக்கு அனுமதி இருந்ததில்லையாம். அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். சுதந்திரம் வந்த பிறகு முதல் தடவையாக ஒரு உள்நாட்டு ஆள் அதை இயக்கியபோது கீழே இறங்கியவர்கள் கொஞ்சம் பயந்துகொண்டேதான் இறங்கினார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் எத்தனையோ வருஷம் நினைத்து நினைத்து, அவர் பேசியதெல்லாம் என் காதில் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

என்னை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவார். அவர் மனைவியும் அப்படியே. அவர்கள் ஊர் வழக்கம். என் கணவருக்குத்தான் பொறுக்காது. “ஆஸ்பத்திரியில நாள் முழுக்க சிஸ்டர் சிஸ்டர்னு கேட்டுட்டு வர்றேன், வீட்லயுமா?” என்பார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வரவில்லை என்றால் முதலில் ‘எங்கே காணோம்’ என்று கேட்பவரும் அவர்தான். அந்தச் சிநேகிதர் ரசத்தைக் குடிக்கும் அழகைப் பார்க்க வேண்டும். டம்ளர் டம்ளராக உள்ளே போகும். சோற்றைத் தொட மாட்டார். மனைவி ஊரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். அதிகம் பேச மாட்டார், ஆனால் ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். எங்கள் வீட்டு சோபாவில் குதிப்பதற்கென்றே வரும்.

ராமநாதபுரம் பக்கத்தில், தரைக்கு மேலேயும் ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை என்கிற சீமையில் பிறந்தவள் நான். அதனால் எனக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் அமிலம் சூடாகிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன்.

“இவ்வளவு செம்பு இருக்கே. அப்புறம் ஏன் உங்க நாடு ஏழையா இருக்கு?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

“சிஸ்டர், ஒரு வீட்ல ஒருத்தர் மட்டும் சம்பாதிச்சா என்ன ஆகும்?”

“மத்தவங்க எல்லாம் அவர் கையைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க.”

“அதேதான். எங்க நாட்ல செம்பு ஒண்ணுதான் சம்பாதிக்குது. அந்த ஒருத்தருக்கும் இன்னிக்கு என்ன கூலின்னு லண்டன்ல யாரோ காலையில தீர்மானிக்கிறாங்க.”

எங்கள் வீட்டில் அப்பா காலையில் பஞ்சாங்கத்தில் ராகுகாலம் பார்க்கிற மாதிரி, அவர் தினமும் நூலகத்துக்குப் போய் லண்டன் செம்பு விலையைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். விலை ஏறியிருந்தால் நடையிலேயே தெரியும்.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்படிக் கல் கரைகிற நேரத்தில் தெரிந்துகொண்டதுதான். கடல் கிடையாது. செம்பு கப்பலேற வேண்டுமென்றால் பக்கத்து நாடுகளின் தண்டவாளத்தில் போக வேண்டும். அவர்களுக்குக் கோபம் வந்தால் ரயில் நிற்கும். சுரங்க ஊரில் சம்பளம் கிடைக்கிறது என்று பையன்கள் எல்லாம் வயலை விட்டுவிட்டு அங்கே போய்விட்டார்கள். விளைந்துகொண்டிருந்த சோளத்தை வெளியிலிருந்து வாங்க வேண்டிய நிலைமை. சுதந்திரம் வந்தபோது நாட்டில் இருந்த பட்டதாரிகளை எல்லாம் ஒரே கல்யாணப் பந்தியில் உட்காரவைத்துவிடலாம் என்றார். அதில் பாதிப் பேர் அமைச்சர்கள், மீதிப் பாதி அமைச்சர்களுக்குச் செயலாளர்கள். எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள யாரும் மிச்சமில்லை.

“அப்போ உங்களுக்கு வேண்டியது பணம் இல்லையா?”

“பணம் வரும். வந்தா என்ன செய்யறதுன்னு உட்கார்ந்து யோசிக்கிற ஆள் வேணும். யோசிச்சிட்டு, இதைச் செய்யலாம், அதைச் செய்யக் கூடாதுன்னு சொல்ற ஆள் வேணும்.”

இதெல்லாம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. படித்த காலத்தில் புவியியல் புத்தகத்தில் அந்த நாடு ஒரு வரி. ‘செம்பு கிடைக்கிறது’ என்று எழுதினால் ஒரு மார்க். அந்த ஒரு வரிக்குள் இத்தனை விஷயம் இருக்கிறது என்று யார் கண்டது?

ஓர் இலையுதிர் காலத்தில் அவருக்கு அழைப்பு வந்தது. அரசாங்கம் சுரங்கங்களில் பங்கு எடுத்துக்கொண்டுவிட்டது. அவற்றைக் கவனிக்கப் புதிதாக ஒரு துறை. அதற்குத் தலைமை அதிகாரியாக அவர் உடனே வர வேண்டும். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ‘பட்டம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், நாடு காத்திருக்காது’ என்று எழுதியிருந்தார்களாம். அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. மனைவி முகத்தில் தெரியவில்லை. தை பிறந்ததும் கிளம்புவது என்று முடிவாயிற்று.

இந்தச் செய்தி என் கணவர் வழியாக எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் போனதுதான் வினை. சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். டாக்டர்கள், பேராசிரியர்கள், இன்ஜினியர்கள் என்று ஒரு கைப்பிடிக் குடும்பங்கள். பொங்கலுக்கு ஒரு சர்ச்சின் நிலவறையை வாடகைக்கு எடுத்துக் கூடுவோம். செயலாளர் கணிதப் பேராசிரியர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்கிற புறநகரில் புதிதாக வீடு வாங்கியவர். கார் வைத்திருந்ததால் அவரே எப்போதும் செயலாளர். அவர் எனக்கு போன் பண்ணினார்.

“என்னம்மா, உங்க சிநேகிதர் அமைச்சர் ஆகப் போறாராமே?”

“அமைச்சர் இல்லை சார். அதிகாரி.”

“எல்லாம் ஒண்ணுதாம்மா. பொங்கலுக்குக் கூட்டிட்டு வாங்க. பொன்னாடை போர்த்திடுவோம்.”

நம் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது ஆளுக்குப் பொன்னாடை போர்த்தாமல் இருக்க முடியாது. ஊரில் பார்த்துப் பார்த்துச் சலித்த விஷயம். வட்டச் செயலாளர் வந்தாலும் மாலை, வராவிட்டாலும் அவர் படத்துக்கு மாலை. இத்தனை கடல் தாண்டி வந்தும் விடவில்லையே என்று எனக்கு எரிச்சல். வேண்டாம் என்றேன். யார் கேட்டார்கள்?

ஆனால் மொன்றியலில் அந்த நாளில் பொன்னாடைக்கு எங்கே போவது? செயலாளரின் மனைவி பெட்டியில் ஒரு அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு இருந்தது, கெட்டி ஜரிகை. அதை நீளவாக்கில் மடித்துப் போர்த்துவது, போட்டோ எடுப்பது, கூட்டம் முடிந்ததும் நாசூக்காக எடுத்துவிடுவது என்று திட்டம். ஊரில் இது சகஜம். போர்த்தியவரும் போர்த்திக்கொண்டவரும் பேசிவைத்த மாதிரி, அது எப்போது எடுக்கப்படும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாவம், அந்த மனிதருக்கு அது தெரியாது என்று யாருக்கும் தோன்றவில்லை.

பொங்கலன்று வெளியே முகம் விறைக்கும் குளிர். நிலவறையில் சாம்பார் வாசனையும் ஈரக் கோட்டு வாசனையும். அவரை முன்வரிசையில் கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். செயலாளர் செந்தமிழில் பொழிந்துதள்ளினார். சிநேகிதர் என் பக்கம் சாய்ந்தார்.

“என்ன சொல்றார்?”

“நீங்க இமயமலையாம்.”

“அது எங்க நாட்ல இல்லையே.”

“இப்போ அங்கே போகப் போகுது. பேசாம உக்காருங்க.”

கடைசியில் ‘செம்புச் செம்மல்’ என்று அவருக்கு ஒரு பட்டமும் கொடுத்தார்கள். டாக்டர் பட்டம்தான் கிடைக்கவில்லை, இதாவது கிடைத்ததே என்று என் கணவர் என் காதில் முணுமுணுத்தார். பட்டு தோளில் ஏறியது. கைதட்டல். அவர் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். அந்தக் கணத்தில் அவர் முகம் வேறுமாதிரி இருந்தது. வெட்கம் இருந்தது, கூடவே இன்னொன்றும் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் உண்மையான விழா. நம் ஆட்கள் ஒவ்வொருவராக அவரை நெருங்கினார்கள். ஒருவரின் மச்சினன் சிவில் இன்ஜினியர், ‘ரொம்ப நல்ல பையன் சார், எந்த ஊர்னாலும் போவான்.’ இன்னொருவரின் தம்பி கோயம்புத்தூரில் கணக்காளர். ஒரு டாக்டர் தனக்கே கேட்டார். அங்கே பங்களா தருவார்களா, வேலைக்கு ஆள் கிடைக்குமா என்று விசாரித்தார். கோட்டுப் பைகளிலிருந்து பயோடேட்டாக்கள் வெளியே வந்தன. பொங்கல் சாப்பிட வந்தவர்கள் பயோடேட்டாவோடு வந்திருக்கிறார்கள். எனக்கு மானம் போயிற்று. அவருடைய நாட்டில் அவருடைய ஆட்கள் கற்றுக்கொண்டு ஏற வேண்டிய நாற்காலிகள் அவை. அதைத்தான் மூன்று வருஷமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நேராக முகத்துக்கு நேரே மறுத்துவிடுவார் என்று காத்திருந்தேன்.

அவர் எல்லாத் தாள்களையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி, அதே புன்னகையோடு, “பார்க்கிறேன்” என்றார். அந்த டாக்டரிடமும் அதையே சொன்னார்.

பிறகு நேரமாகிவிட்டது என்று எழுந்தார், பட்டோடு சேர்த்து ஓவர்கோட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டினார், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு படியேறிப் போய்விட்டார். செயலாளர் வாய் திறந்து மூடியது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது என் முகூர்த்தப் புடவைடீ,” என்றார். அழுகை முட்டிக்கொண்டு நின்றது. “நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இந்த மனுஷன் கேட்டாத்தானே.”

மீட்டுக்கொண்டு வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வாய் உள்ளவள் நான்தானே.

மறுநாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். பெட்டிகள் பாதி கட்டிக் கிடந்தன. எப்படி ஆரம்பிப்பது என்று நான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது வீண். அந்தம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பழுப்புத் தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

“கல்யாணப் புடவையை யாராவது தானம் குடுப்பாங்களா? பாத்ததுமே எனக்குத் தெரியும். படியேறும்போதே கழட்டுங்கன்னு சொன்னேன். கேக்கலை. மெட்ரோவுல கோட்டைத் திறந்து வெச்சிட்டு உக்காந்திருந்தார். எல்லாரும் பாக்கணும்னு.”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அந்தம்மாவுக்குச் சீக்கிரம் அடங்கிவிட்டது.

“ராத்திரி அவரே மடிச்சு வெச்சார். தன் சட்டையை ஒருநாள் மடிச்சதில்லை.”

“ஒருநாள் கூத்து. விடுங்க.”

“சிஸ்டர், எங்க அண்ணன் ஒருத்தர் இருக்கார். எங்க ஜில்லாவுக்கு அதிகாரியா ஆனார். அதுக்கு முன்னாடி அவர் வீட்டுக்குப் போனா அவர் சிரிக்கிறது தெருவிலேயே கேக்கும். இப்போ அவரைப் பாக்கணும்னா வெளியே பெஞ்சுல உக்காரணும். நானும் உக்காந்தேன்.”

“உங்க வீட்டுக்காரர் அப்படி ஆக மாட்டார்.”

“அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பயம்,” என்றார் அந்தம்மா. “நேத்து எத்தனை பேர் வேலை கேட்டாங்க? ஒருத்தர்கிட்டயாவது முடியாதுன்னு சொன்னாரா?”

“மரியாதைக்காகச் சொல்லலை.”

“அங்கேயும் மரியாதைக்காகச் சொல்ல மாட்டார். இங்கே கேட்டவங்க அவருக்கு யாரோ. அங்கே கேக்கப் போறவங்க அவர் அப்பா கூடச் சுரங்கத்துல இறங்கினவங்க. அவர் படிக்கறதுக்குக் கோழி வித்துப் பணம் குடுத்தவங்க. இவங்களுக்கெல்லாம் பார்க்கிறேன், பார்க்கிறேன்னு சொல்லிச் சொல்லி எல்லாரையும் உள்ளே விட்டுடுவார். இவங்களுக்கும் மேல நாட்டுத் தலைவர் ஒருத்தர் இருக்கார். அவர் கேட்டா?”

மடியில் இருந்த பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்குப் பங்களா வேண்டாம், கார் வேண்டாம். ஒரு தடவை, வேணுங்கற இடத்துல, அவர் வாயிலேர்ந்து முடியாதுங்கற வார்த்தை வருமா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

அவர்கள் போய்விட்டார்கள். நாங்களும் ஒரு வீடு பார்த்துக் குடியேறினோம். சோதனைக்கூடத்தில் அவர் இடத்தில் வேறு ஆள், வேறு நாட்டுக் கல். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த நாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் யார் கண்ணில் பட்டாலும் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டு விசாரிப்பேன். ‘அவரா? ரொம்ப நல்ல மனுஷர். போனா வேலை நடக்கும். யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்’ என்பார்கள். அவர்கள் புகழ்ந்துதான் சொல்வார்கள், எனக்கு அந்தம்மா சொன்னதுதான் ஞாபகம் வரும். துறையில் ஆட்கள் பெருகிவிட்டார்களாம். நாற்காலி போட இடமில்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்களாம். எந்திரம் பழுதானால் மட்டும் இன்னும் வெளிநாட்டுக்காரருக்குத்தான் தந்தி போகிறதாம்.

எழுபதுகளின் நடுவில் செம்பு விலை விழுந்தது. சாதாரணமாக இல்லை, தொபுக்கென்று விழுந்தது. “வெங்காயம் என்ன விலைன்னு கேட்டா உனக்குத் தெரியாது. செம்பு விலை மட்டும் பைசாவோட சொல்ற,” என்பார் என் கணவர். சிரிப்பார், ஆனால் பேப்பரை மடித்து அந்தப் பக்கத்தை எனக்கு எடுத்து வைப்பதும் அவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு தூதுக்குழுவோடு மொன்றியலுக்கு வந்தார். இப்போது நிஜமாகவே அமைச்சர். செயலாளர் வாக்கு பலித்துவிட்டது. டவுன்டவுனில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு எங்கள் இரண்டு பேரையும் மத்தியானம் டீக்கு அழைத்திருந்தார். தாழ்வாரம் முழுக்க அவர் நாட்டு மாணவர்கள், கையில் விண்ணப்பத்தோடு. உள்ளே அறையில் சுவரோரம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கோப்பையைக் கையில் எடுத்தால் ஒருவர் சர்க்கரையோடு ஓடிவந்தார். உடம்பு பெருத்திருந்தது. என்னைப் பார்த்ததும் “சிஸ்டர்” என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் மாற்றமில்லை. அந்தம்மாவும் வந்திருந்தார், இரண்டு பெண்களும். அவர்கள் நெடுநெடு என்று வளர்ந்திருந்தார்கள்.

மேஜைமேல் அட்டையில் செய்த ஒரு மாதிரிக் கட்டடம் இருந்தது. தலைநகரில் கட்டப் போகும் மாநாட்டு மண்டபமாம். ஆயிரக்கணக்கில் பேர் உட்காரலாம், சுற்றிலும் குட்டிக் குட்டி மரங்கள். தலைவரின் ஆசை என்றார்கள். அதற்குக் கடன் ஏற்பாடு செய்யத்தான் இந்தப் பயணம்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“செம்பு இந்த விலைக்குப் போறப்போ இது எதுக்கு?”

சுவரோரம் நின்றவர்கள் அப்படியே உறைந்தார்கள். என் கணவர் என் முழங்கையைக் கிள்ளினார். ஜன்னல் பக்கம் மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். அவர் மட்டும் யாருக்கும் சர்க்கரை கொண்டுவரவில்லை, யாரிடமும் பேசவுமில்லை. அவர் மெல்லத் திரும்பி அமைச்சரைப் பார்த்தார்.

“நல்ல கேள்வி,” என்றார் சிநேகிதர், அதே பழைய புன்னகையோடு. “பார்க்கிறேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்தம்மா லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார். இங்கே நல்ல பள்ளிக்கூடம் எது, உங்கள் பக்கத்தில் வீட்டு வாடகை எப்படி, பெண்களுக்குப் பழைய பிரெஞ்சு மறந்திருக்குமா என்று ஏதேதோ கேட்டார். இருந்த கோபத்தில் நானும் ஏதேதோ சொன்னேன். ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மெட்ரோவில் வீடு வந்து சேரும்வரை நான் வாயை மூடவில்லை. “மனுஷன் முடிஞ்சார். அவ்வளவுதான். அந்தம்மா பயந்தது நடந்துபோச்சு,” என்றேன். “அவர் நிலைமை உனக்கு என்ன தெரியும்?” என்றார் கணவர். “தெரிய வேண்டாம்” என்றேன். அன்று ராத்திரி சமைக்கவும் இல்லை.

பனி உருக ஆரம்பித்த சமயம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு மணி அடித்தது. திறந்தால் அந்தம்மா, கனமான கோட்டோடு, தனியாக. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“நீங்க ஊருக்குப் போகலையா?”

“அவர் மட்டும் போனார். நானும் பொண்ணுங்களும் இங்கேயேதான் இருக்கோம். கிழக்குப் பக்கம் ஒரு சிநேகிதி வீட்ல. ஒரு சேதி வரட்டும்னு காத்திருந்தேன்.”

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். அவர் ஊருக்குத் திரும்பியதும் மந்திரிகள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், தலைவர் தன் கையாலேயே மண்டபத்துக்கான காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாராம். அவர் அதைத் தொடவில்லையாம். நாட்டில் பணம் இல்லை, சுரங்கத்துப் பம்புக்கு உதிரிப் பாகம் வாங்கவே வழியில்லை, இதில் நான் கையெழுத்துப் போட முடியாது என்று சொன்னாராம்.

“முடியாதுன்னா? அந்த வார்த்தையையேவா?”

“அந்த வார்த்தையையேதான். அங்கே இருந்த ஒருத்தர் சொல்லித்தான் வெளியே தெரிஞ்சுது.”

அன்றைக்கே பதவி போயிற்று. கார், வீடு, பாஸ்போர்ட் எல்லாம் போயிற்று. இப்போது சுரங்க ஊரில் அப்பாவின் பழைய வீட்டில் இருக்கிறாராம், வாசலில் ஒரு போலீஸ்காரரோடு. பார்க்கிறேன் என்று அவர் வேலை வாங்கிக் கொடுத்த அத்தனை பேரில் ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லையாம்.

“மண்டபம்?”

“கட்டறாங்க. வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டுட்டார்.”

“அப்போ இவர் சொன்னதுல என்னதான் பிரயோஜனம்?” என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“தெரியலை,” என்றார் அந்தம்மா. “இங்கே வர்ற விமானத்துலேயே என் காதுல சொன்னார், ‘முடியாதுன்னு சொல்லப் போறேன், நீயும் குழந்தைகளும் திரும்பி வர வேண்டாம்’னு. அந்த ஹோட்டல்ல உங்ககிட்ட அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? ஜன்னல்கிட்ட இருந்த தலைவரோட ஆளை நீங்க பாக்கலையா?”

பார்த்தேன். யாரென்றுதான் யோசிக்கவில்லை. அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்து கிடந்தது.

“இத்தனை வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்துடுச்சு,” என்றார்.

“எப்படி இருக்காராம்?”

“நல்லாத் தூங்கறாராம். அங்கேர்ந்து வந்தவர் சொன்னார். படுத்ததும் தூங்கிடறாராம், விடிஞ்ச பிறகு எழுப்ப வேண்டியிருக்காம்.” கோப்பையை மேஜையில் வைத்தார். காபி ஆறிப்போயிருந்தது. “எனக்குத்தான் தூக்கம் வரலை, சிஸ்டர்.”